மூட்டையில் எழுதிய பெயர்

சனிக்கிழமை மாலையிலேயே ராஜவேல் ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பனியன் கம்பெனியை மூடுகிறவனுக்குக் கடைசி நாள்களில் போனைக் கையில் எடுப்பதுகூட மலையாகத் தெரியும். மெஷின்களையெல்லாம் விற்றாகிவிட்டது, வீட்டில் வைத்துத் தைத்துப் பிழைக்கலாமென்று ஓர் ஓவர்லாக் மெஷினை மட்டும் நிறுத்தி வைத்திருந்தான்.

மிச்சமிருந்தவை, வெளிநாட்டுக்காரன் வேண்டாமென்று தள்ளிய குழந்தைச் சட்டைகள், நல்ல வெள்ளை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, காதர்பேட்டை நடைபாதையில் கடை பரப்பும் வெள்ளையம்மாள் அவற்றை மொத்தமாகப் பேசி, பணத்தையும் முழுதாகக் கொடுத்துவிட்டாள். மூட்டைகளின்மேல் சுண்ணக்கட்டியால் அவள் பெயரை எழுதியவனும் ராஜவேல்தான். ஒரே ஒரு வேலை எஞ்சியிருந்தது. கழுத்தில் தைத்த வெளிநாட்டுக்காரனின் லேபிளை அறுக்காமல் அத்தகைய சரக்கு கம்பெனி வாசலைத் தாண்டக் கூடாது.

"அறுத்து முடிச்சதும் போன் பண்றனுங்க. வந்து எடுத்துக்குங்க" என்று அவளை அனுப்பினான். சனிக்கிழமை அறுத்து முடிந்தது. போன் மட்டும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெய்த மழை, தகரக் கூரையின் ஓட்டைகளை ஒன்றுவிடாமல் கண்டுபிடித்தது. மேலே அடுக்கியிருந்த கருஞ்சிவப்பு வெட்டுத்துணி சாயத்தைக் கக்க, அது கீழேயிருந்த வெள்ளைச் சட்டைகள் முழுவதிலும் இறங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலையில், வக்கீலாக இருக்கும் மச்சான் ஞானசம்பந்தத்துக்குப் போன் செய்தான்.

"லேபிளை அறுத்துத் தர்றது உங்க பொறுப்புன்னு பேச்சுங்களா, மாப்பிள்ளை?"

"ஆமாங்க."

"அறுத்தாச்சுன்னு அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்லீங்க."

"அப்பச் சட்டப்படி சரக்கு இன்னும் உங்களுது, நனைஞ்ச நட்டமும் உங்களுது. வேலை முடிஞ்ச சேதி அவங்களுக்குப் போனாத்தான் கை மாறும். காசு வாங்கினதும் பேரெழுதினதும் செல்லாதுங்க. அதுக்காக நீங்களா போய்ச் சொல்லிட்டு இருக்காதீங்க. அந்தம்மாவுக்குத் தெரியவா போகுது?"

சும்மா இருப்பதைவிடக் களைத்தவனுக்கு இதமான யோசனை எது? இந்த ஊரில் நடக்கும் அநியாயங்களில் பாதி, யாரும் எதுவும் செய்யாமலேதான் நடக்கிறது.

போன் வராததால் வெள்ளையம்மாளே வந்துவிட்டாள். மூட்டையைப் பிரித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"எஞ் சரக்கு போச்சே, அண்ணாச்சி!"

அவன்மேல் ஒரு சொல் பழி போடவில்லை. "வானம் பேஞ்சதுக்கு நீங்க என்ன செய்வீக? ஆடி யாவாரத்துக்குன்னு கம்மலை வச்சு வாங்கினேன். எந் தலையெழுத்து." சட்டையொன்றை எடுத்துப் பிழிந்தாள். சிவப்பு நீர் முழங்கைவரை வழிந்தது.

அவள் திட்டியிருந்தால் ராஜவேல் பேசாமலே இருந்திருப்பான்.

"அது உங்க சரக்கில்லீங்க, அம்மிணி."

"என்னது?"

"இன்னும் என்னுதுதானுங்க."

அவள் எழுந்த வேகத்தில் சட்டை தெறித்து விழுந்தது. "காசை எண்ணி வாங்கிட்டு எஞ் சரக்கில்லைங்கிறீகளா? நனைஞ்சதைக்கூட விட மாட்டீகளா? இந்தா, மழையில அழிஞ்சும் அழியாம எம் பேரு எழுதியிருக்குல்ல!" மூட்டையின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"ஐயோ, நட்டம் உங்களுதில்லைன்னு சொல்றனுங்க! லேபிள் அறுத்தாச்சுன்னு நான் உங்களுக்குச் சொல்லலை. சொல்லாத வரைக்கும் என்னுது."

"ஒரு போனு பண்ணாததுக்கா?"

"ஒரு போனு பண்ணாததுக்குத்தானுங்க."

மூட்டையிலிருந்து அவள் மெதுவாகக் கீழே இறங்கினாள். "அப்ப எம் பணம்?"

பணம் சனிக்கிழமையே கூலியாகப் போய்விட்டது. ராஜவேல் மூலையிலிருந்த ஓவர்லாக் மெஷினைப் பார்த்தான். அவன் பார்வை போன இடத்தை அவளும் பார்த்தாள்.

"அதை எடுத்துக்குங்க. வித்தா உங்க காசு வந்துரும். நாளைக்குத் தொடச்சு, எண்ணெய் போட்டு வச்சிட்டுப் போன் பண்றனுங்க."

"வேணவே வேணாம், சாமி!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். "தொடைக்கவும் வேணாம், எண்ணெயும் வேணாம். நீங்க முடிச்சிட்டுப் போனு பண்றேன்னு ஒரு வாட்டி சொன்னது போதும். இருக்கிறபடிக்கே இப்பவே ஏத்துங்க."

ராஜவேலுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் தெம்பில்லை. மூட்டையிலிருந்த அவள் பெயரை ஈரக்கையால் துடைத்தான். வழக்கப்படி மெஷின்மேல் எழுதுவதற்குச் சுண்ணக்கட்டியைத் தேடினான்.

"பேரு கெடக்கட்டும்" என்றாள் வெள்ளையம்மாள், மெஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கியபடி. "அந்தப் பக்கத்தைப் பிடிங்க, அண்ணாச்சி."