காலையில் கிளம்பாத வேன்

பெண்டாட்டியைக் குறை சொன்னால்கூட வேன்காரர் பொறுத்துக்கொள்வார். வேனைச் சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அந்த வேன்தான் மத்தியானத்திலிருந்து வாசலில் அசையாமல் நிற்கிறது.

பழைய டீசல் வண்டி. இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு அதன்மேல் கவிழ்ந்து கிடந்தான் அவருடைய மனைவியின் தம்பி, மெக்கானிக். நாளைக் காலை ஷிப்டுக்குத் தையல் கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டு போயாக வேண்டும். போகாவிட்டால் அந்த ஓட்டம் வேறு வண்டிக்குப் போய்விடும். அவருக்கு அதை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

"சாவியத் திருப்புங்க மாமா."

திருப்பினார். இன்ஜின் சுற்றியது, வெள்ளைப் புகையைக் கக்கியது, அடங்கிவிட்டது.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு. டீசல் ஒழுங்கா வருதான்னு பாப்போம்."

ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தியதும் டீசலோடு தண்ணீரும் கொட்டியது. வேன்காரருக்கு உயிர் வந்தது. "பாத்தியா மாப்ளே, தண்ணி! இதுதான் இவ்வளவு நேரம் நம்ம உயிர வாங்கியிருக்கு!" மெக்கானிக் புது ஃபில்டர் மாட்டி, கைபம்பை அமுக்கி, குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினான். சாவியைத் திருப்பினார்கள். மறுபடியும் வெறும் புகைதான்.

அடுத்தது ஹீட்டர் பிளக். குளிர்ந்து கிடக்கும் இன்ஜினைச் சூடாக்கிக் கிளப்பிவிடுவது அதுதான். நாலில் இரண்டு செத்திருந்தன. புதிதாக மாட்டியதும் இன்ஜின் நாலைந்து தடவை இருமியது. வேன்காரர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "வா கண்ணு, வா" என்று கெஞ்சினார். அது வரவில்லை.

அவர் வெளியே சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. இந்தக் குளிர்காலம் முழுக்க, விடியற்காலையில் வண்டி சண்டித்தனம் செய்தபோதெல்லாம் காற்றுக்குழாயைக் கழற்றி, குப்பென்று தீப்பிடிக்கும் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயை உள்ளே அடித்துத்தான் கிளப்பிக்கொண்டிருந்தார். அடித்ததும் சுத்தியலால் போட்டதுபோல் ஒரு சத்தம் வரும், வண்டி எழுந்துகொள்ளும். தெருமுனையில் போர்த்திக்கொண்டு நிற்கும் பெண்களைக் காக்கவைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. ஸ்ப்ரே அடித்தால் இன்ஜினே உடைந்துவிடும் என்று அடிக்கிறவர்களை மச்சினன் கிழிகிழி என்று கிழிப்பதை அவரே கேட்டிருக்கிறார். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. ஏதாவது சின்னக் கோளாறாக இருந்து தொலையட்டும் என்று காத்திருந்தார்.

மெக்கானிக் ஹீட்டர் பிளக் இருந்த துளையில், சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் மீட்டரை முறுக்கினான். இன்ஜினைச் சுற்றவிட்டதும் முள் பாதிகூட ஏறவில்லை. உள்ளே கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டுப் பார்த்தான். இப்போது முள் ஏறியது.

"ஏறுதே!" என்றார் வேன்காரர்.

"ஏறக்கூடாது மாமா. ஆயில் போய் இடுக்க அடைச்சதால ஏறுது. பிஸ்டன் ரிங் உடைஞ்சிருக்கு." கையைத் துடைத்துக்கொண்டான். "ஸ்ப்ரே அடிச்சீங்கதானே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எப்படா தெரிஞ்சுது?"

"சீட்டத் தூக்குனப்பவே வாசனை அடிச்சுது."

"அப்ப எதுக்குடா இவ்வளவு நேரம் இந்தப் பாடு பட்டே?"

"அக்கா வாசல்லயே நிக்கிறா. வேற எதாவதா இருக்கட்டுமேன்னு பாத்தேன். சிலிண்டரும் கோடு கோடா கீறியிருக்கும். இந்த இன்ஜினுக்குச் சாமானே வர்றதில்ல மாமா. இனிமே இது அவ்வளவுதான்."

அக்காவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சொல்லித்தானே ஆகவேண்டும்? கம்பெனி சூப்பர்வைசர் அம்மாவுக்கு வேன்காரர் போன் போட்டார். நாளைக்கு வண்டி வராது, அதற்கப்புறமும் வராது என்று சொன்னார்.

"என்னண்ணே இப்படிச் சொல்றீங்க?" அந்த அம்மாவின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "காலையில கிளம்பக் கஷ்டப்படுதுன்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஷிப்டையே அரைமணி நேரம் தள்ளி வச்சிருப்பேன். பொம்பளைங்களே குளிருக்குத் தள்ளி வைங்கன்னு எத்தனையோ தடவ கேட்டாங்க. நீங்க டாண்ணு வந்து நிக்கிறீங்களேன்னுதான் நான் மாத்தல."

அவர் போனை வைத்தார்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"வேற வண்டி பாத்துக்கறாங்களாம்" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.