உடும்பு கையை எடுத்தபோது

சுரங்க ரயில் ஓட்டுகிற உடும்பு, சாப்பாட்டு மேசையிலிருந்து கையை எடுத்து முதுகைச் சொறிந்தார். பேசிக்கொண்டிருந்த மனைவி பாதி வார்த்தையில் நின்றுபோனாள். கூடத்தில் கயிறு தாண்டிய மகளும் தரைக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றாள். மேசையை மறுபடி அழுத்தியதும் மனைவி மீதி வார்த்தையைச் சொன்னாள், மகள் தொப்பென்று இறங்கினாள். இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ரயிலில் இது பழைய ஏற்பாடுதான்: ஓட்டுபவர் கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், கை நழுவினால் வண்டி தானாக நின்றுவிடும். இவருடைய பிடியைப் பார்த்துத்தான் பணிமனையில் அந்தப் பட்டப்பெயரே வைத்தார்கள். நின்ற வண்டியைக் கிளப்ப அவருக்குத் தெரியும். பெண்டாட்டி பிள்ளை ஒருநாள் கிளம்பாமலே போய்விட்டால்?

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள், இந்த மனுஷனுக்கு அதுவே வேலையாகிப்போனது. வெயிலோ மழையோ, குடைப்பிடியை அழுத்திக்கொண்டுதான் நடந்தார். "குடை என்ன ஓடியா போயிடும், உடும்பு?" என்று கேலி செய்தார்கள். குளிக்கும்போது ஒரு கை குழாயில். படுக்கும்போது கையைத் துண்டால் கட்டிலோடு கட்டிக்கொண்டார். கட்டு தளர்ந்துவிடுமோ என்ற பயத்தில் தூக்கம் எங்கே வரும்? ஒரு வருஷம் இப்படி ஓட்டினார். கடைசியில் வேலையிலேயே கண் சொருகி, கை நழுவி, சுரங்கத்தின் நடுவில் ரயில் நின்றது. பயணிகள் திட்டித் தீர்த்தார்கள். மேலதிகாரி, "போய் நல்லாத் தூங்கிட்டு வாங்க, இல்லேன்னா வராதீங்க" என்று அனுப்பிவிட்டார்.

மத்தியானம் மனைவி கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அவளிடம் கொட்டி அழுதார்.

"அட, இதுக்கா இந்தப் பாடு?" என்றவள் ஒரு பெருமூச்சு விட்டாள். அடுத்த கணமே டீ ஆறி ஆடை படிந்திருந்தது. கொடியில் கிடந்த துணியெல்லாம் மடித்து அடுக்கியிருந்தது.

"உங்களுக்கு வாக்கப்பட்ட நாள்லேர்ந்து வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கேன். கவலைய விட்டா நீங்க நின்னுடுவீங்க. அலுப்பா இருந்தா கொஞ்ச நேரம் விடுவேன், மறுபடி கவலைப்பட்டதும் கிளம்பிடுவீங்க. ஒருநாளும் மக்கர் பண்ணதில்ல. ட்யூட்டி நேரத்துல மட்டும் விடவே மாட்டேன்."

உடும்பு அவளையே பார்த்தார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. போய்ப் படுத்தார். கூடத்தில் மகளின் கயிற்றுச் சத்தம் கேட்டது.

"தூங்குங்க," என்றாள் மனைவி. "நாங்க எங்கயும் போயிட மா..."

கட்டிலிலிருந்து கையை எடுத்தார்.

விழித்தபோது ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. நிதானமாகச் சோம்பல் முறித்துவிட்டு, கட்டில் சட்டத்தை அழுத்தினார்.

"...ட்டோம்," என்றாள் அவள். கூடத்தில் மகள் தொப்பென்று இறங்கினாள்.