அக்கா வீட்டுக் குப்பை எங்க போச்சு?

எங்க பில்டிங்ல லிஃப்ட் கிடையாது. நாலாவது மாடியில எங்க அக்கா தனியா இருக்கா. மூணாவதுல நானும் என் வீட்டுக்காரியும். அக்காவுக்கு இடுப்புல ஆபரேஷன் ஆனதுல இருந்து அவ வீட்டு குப்பைப் பையை கீழ கொண்டு போறது என் வேலைன்னு ஆயிடுச்சு. நான் பூட்டு, சாவி ரிப்பேர் கடை வெச்சிருக்கேன். சாயங்காலம் கடைய சாத்திட்டு வந்ததும் மேல ஏறுவேன், அவ வாசல்ல கட்டி வெச்சிருக்கிற பையை எடுப்பேன், எங்க பையையும் சேர்த்து தூக்கிட்டுப் போய் பின்பக்கம் இருக்கிற பெரிய தொட்டியில போடுவேன்.

போடுறதுக்கு முன்னாடி அக்கா பையை மட்டும் அவுத்து உள்ள பாப்பேன். கேக்க ஒரு மாதிரிதான் இருக்கும். காரணம் சொல்றேன்.

அக்காவுக்கு ஒரே பையன். நாங்க அவனை வாண்டுன்னுதான் கூப்பிடுவோம். ஆறடி உயரம், எங்க வீட்டு வாசல்ல குனிஞ்சுதான் நுழைவான், இருந்தாலும் வாண்டுதான். வேற ஊர்ல ஏசி மெக்கானிக். ஆபரேஷன் சமயத்துல அக்கா சரியா சாப்பிடாம ரொம்ப இளைச்சுட்டா. பயந்துபோன வாண்டு ஒரு கண்டிஷன் போட்டான். "ஒழுங்கா சாப்பிட்டா இங்கயே இரும்மா. இல்லன்னா வீட்டை காலி பண்ணிட்டு என்கூட வந்துடணும்." அக்காவும் சரின்னு சொல்லிட்டா.

ஆனா போன்ல எப்ப கேட்டாலும் அவ சொல்றது ஒரே பதில்தான். "சாப்பிட்டேன்டா." பட்டினியா கிடந்தாலும் அதேதான் சொல்லுவா, அவ குணம் அப்படி. அதனால வாண்டு என்னை தனியா கூப்பிட்டு சொன்னான். "மாமா, தினமும் குப்பைய எடுக்கிறது நீங்கதானே. அதுல என்ன கிடக்குதுன்னு பாத்து எனக்கு சொல்லுங்க."

பாத்து சொன்னேன். முட்டை ஓடு இருந்தா நல்லது. வெங்காயத் தோல், கேரட் தோல் இருந்தா சமைச்சிருக்கா. வெறும் பிஸ்கட் கவர்னா அன்னைக்கு ஏமாத்திட்டா. என் வீட்டுக்காரி சொல்லுவா, "ஊரு பூட்டையெல்லாம் திறந்தது போதாதுன்னு இப்ப குப்பைப் பையையும் திறக்க ஆரம்பிச்சாச்சு."

இப்படி போயிட்டிருந்தப்பதான் பை சின்னதாக ஆரம்பிச்சுது. முதல்ல பாதியாச்சு. அப்புறம் ஒரு கைப்பிடி, அதுவும் நாலு நாளைக்கு ஒரு தடவை. அப்புறம் வாசல்ல பையே இல்ல.

"என்னக்கா, இன்னைக்கு குப்பை இல்லையா?"

"இல்லடா, நீ போ."

மறுநாளும் இல்ல. ஒரு வாரம் ஆகியும் இல்ல. எனக்கு மண்டை குடைய ஆரம்பிச்சுது. எங்க வீட்ல ரெண்டே பேரு, தினமும் ஒரு பை ரொம்பி வழியுது. ஒரு ஆள் இருக்கிற வீட்ல ஒண்ணுமே இல்லைன்னா என்ன அர்த்தம்? சாப்பிடலன்னுதானே அர்த்தம்? வாண்டுக்கு போன் போட்டு சொன்னேன். முழுசா கேட்டான். அப்புறம், "வெள்ளிக்கிழமை வர்றேன் மாமா. கூட்டிட்டு வந்துடுறேன்"னு சொல்லி வெச்சுட்டான்.

வெச்சப்புறம்தான் எனக்கு உறைச்சுது. நான் பையைப் பாத்தேனே தவிர அக்கா முகத்தைப் பாக்கல. முகம் நல்லாத்தானே இருக்கு? கன்னம்கூட கொஞ்சம் பூசினாப்ல இருக்கு. அப்ப சாப்பிடுறா. சாப்பிட்டா குப்பை எங்க போகுது?

வியாழக்கிழமை, அக்கா குளிக்கப் போன நேரமா பாத்து மேல போனேன். குப்பை டப்பாவைத் திறந்தேன். உள்ள பை போடல, சுத்தமா கழுவி வெச்சிருக்கு. அடியில ஒரே ஒரு காலி மாத்திரை அட்டை. கட்டிலுக்கு அடியில பாத்தேன். பீரோ பின்னாடி பாத்தேன். கடைசியா பாத்திரம் கழுவுற தொட்டிக்கு கீழ தலைய விட்டு பாத்துட்டிருக்கேன், பின்னாடி இருந்து சத்தம்.

"என்னடா தேடுற?"

பதறிப்போய் நிமிர்ந்தேன், மண்டையில குழாய் இடிச்சுது. "குப்பை."

"வீட்ல எல்லாரும் நகை நட்டைத் தேடுவாங்க. என் தம்பி குப்பையைத் தேடுறான்"னு சொல்லி சிரிச்சா. சிரிச்சு முடிச்சுட்டு, "வா"ன்னு பால்கனிக்கு கூட்டிட்டுப் போனா.

அங்க ஒரு பெரிய காலி பெயிண்ட் டிரம். சுத்திலும் ஓட்டை போட்டிருந்தா. மூடியைத் திறந்தா மேல கிழிச்ச அட்டைத் துண்டு, கீழ கருப்பா மண்ணு மாதிரி. மூக்கை மூடிக்கிட்டு குனிஞ்சேன். நாத்தமே இல்ல, ஈர மண்ணு வாசனைதான்.

"தோலு, காம்பு, முட்டை ஓடு, டீத்தூள் எல்லாம் தண்ணி வடிச்சுட்டு இதுல போடுறேன். மேல காஞ்ச பேப்பரோ அட்டையோ கிழிச்சுப் போட்டுடணும். ஈரம் அதிகமானாதான் நாறும்."

"சரி, பிளாஸ்டிக் கவர் எல்லாம்?"

"வீட்டுக்குள்ளயே வரலையே. இப்ப வாரத்துக்கு ஒரு தடவை கைப்பிடியைப் பிடிச்சு மெல்ல இறங்க முடியுது, டப்பாவும் துணிப்பையும் எடுத்துட்டுத்தான் கடைக்குப் போறேன். கடைக்காரர் முதல்ல முறைச்சாரு. காலி டப்பாவை எடை போட்டு கழிச்சுக்கோங்கன்னு சொன்னேன், சரின்னுட்டாரு. பாத்திரம் கழுவ கட்டி சோப்பு, அதுக்கு பாட்டில் கிடையாது. துடைக்கிறதுக்கு உன் பழைய பனியன்."

"என் பனியனா?"

"அது அன்னைக்கு மொட்டை மாடியில இருந்து பறந்து வந்துது. எப்படியும் அதுல பனியனை விட ஓட்டைதான் அதிகம்."

எங்க அக்கா துணி கம்பெனியில கட்டிங் மாஸ்டரா இருந்தவ. துணியை விரிச்சதும் கத்தரியை எடுக்க மாட்டா. கையும் காலரும் எந்த மூலையில அடங்கும்னு முதல்ல அளவு அட்டையை வெச்சு வெச்சு பாப்பா, வெட்டினப்புறம் மிச்சம் கொஞ்சமாத்தான் விழும். இப்பவும் முன் ரூம்ல பெரிய மேஜை போட்டு பக்கத்து டெய்லருங்களுக்கு வெட்டிக் கொடுக்குறா. வீட்டையும் அப்படித்தான் பாத்திருக்கா. குப்பையை எப்படித் தூக்கிப் போடுறதுன்னு யோசிக்கல. உள்ள வர்றப்பவே எதெது குப்பையாகும்னு யோசிச்சிருக்கா.

"எதுக்குக்கா இவ்வளவு மெனக்கெடுற?"

"ஒவ்வொரு மாடித் திருப்பத்துலயும் நீ நின்னு முட்டியைப் பிடிச்சுக்குறது எனக்குத் தெரியாதா? உன்னை தூக்க வைக்க வேணாம்னுதான்."

நான் என் முட்டியைத் தடவிக்கிட்டேன். அந்த நேரத்துல மறைக்கத் தெரியல, எல்லாத்தையும் சொல்லிட்டேன். பையை அவுத்துப் பாத்தது, வாண்டு நாளைக்கு வர்றது, எல்லாம்.

அக்கா சிரிப்பு நின்னுபோச்சு. "என் குப்பைய வெச்சு என்னை வேவு பாத்தீங்களா ரெண்டு பேரும்? அவன் வீட்ல இந்த மேஜையைப் போட இடம் இல்லடா. அங்க போய் நான் சோபாவுல உக்காந்து சுவத்தைப் பாத்துட்டு இருக்கணும். உனக்கு சந்தோஷமா?"

வெள்ளிக்கிழமை காலையில வாண்டு வந்துட்டான். முதுகுல டூல்ஸ் பை, கையில மடிச்ச அட்டைப்பெட்டி ஒரு கட்டு. சாமான் கட்டுறதுக்காம். நேரா போய் குப்பை டப்பாவைத் திறந்தான்.

"ஒரு மாத்திரை அட்டை. சாப்பிடுறவங்க வீட்டு குப்பையாம்மா இது?"

"பால்கனியில இருக்கு போய் பாரு."

பாத்தான். "இதுல இருக்கிறது எப்ப போட்டதுன்னு யாருக்குத் தெரியும்? போன மாசம் போட்டதா இருந்தா?" ஆனா மூடியை மூடல. உள்ளங்கையை கிட்ட கொண்டு போனான். முகம் மாறிச்சு. "மாமா, சூடா இருக்கு!"

"வெயில்ல வெச்சிருக்கும்டா."

"இந்தப் பக்கம் ஏது வெயிலு?"

அப்புறம் அவனுக்குள்ள இருந்த மெக்கானிக் முழிச்சுக்கிட்டான். டூல்ஸ் பையில இருந்து ஏசி காத்துல குளிர்ச்சி பாக்குற கம்பி தெர்மாமீட்டரை எடுத்தான். டிரம் நடுவுல சொருகினான். மூணு பேரும் அந்த சின்ன திரையையே பாத்துட்டு நின்னோம். நம்பர் ஏறுது, ஏறுது. வெளிக்காத்தை விட நல்லாவே கூட இருந்துச்சு.

"இது எப்படிம்மா? அடுப்பு கிடையாது, கரண்ட் கிடையாது."

"உள்ள மக்குதுல்ல, அந்த சூடுதான். தினமும் புதுசா போட்டாத்தான் இப்படி இருக்கும். போடலன்னா ஆறிடும். நான் காய்ச்சல்ல படுத்திருந்தப்ப சுத்தமா ஆறிப்போய்..."

அக்கா நாக்கைக் கடிச்சுக்கிட்டா.

"எப்ப காய்ச்சல்?" வாண்டு என்னைப் பாத்தான். "மாமா, எப்ப?"

எனக்கு எப்படித் தெரியும்? கீழ் மாடியிலயே இருக்கேன், எனக்கே தெரியல. அப்ப பையே நாலு நாளைக்கு ஒண்ணுதான், வராததை நான் கவனிக்கல.

"போன மாசம்டா," அக்கா தலைய குனிஞ்சுக்கிட்டா. "மூணு நாலு நாள். எழுந்திரிக்க முடியல. ரொட்டி ரெண்டு துண்டு சாப்பிட்டிருப்பேன்."

"தினமும் போன்ல கேட்டேனேம்மா. சாப்பிட்டேன் சாப்பிட்டேன்னு சொன்னியே!"

"உண்மையைச் சொன்னா நீ அட்டைப்பெட்டியைத் தூக்கிட்டு வந்துடுறியே! அப்புறம் எப்படிடா சொல்றது?"

வாண்டு திரும்பி டிரம் பக்கம் பாத்தான். தெர்மாமீட்டரை கையில பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னான். நம்பர் அவன் கண்ணு முன்னாடியே இருக்கு. இன்னைக்கு அம்மா சாப்பிடுறா, அதுல சந்தேகம் இல்ல. ஆனா படுத்திருந்தப்ப அவளைப் பாக்க யாரும் இல்ல, அதுவும் நிஜம்.

"சரி," கடைசியா சொன்னான். "இனிமே நான் பெட்டி தூக்கிட்டு வர மாட்டேன். ஆனா நீ உள்ளதைச் சொல்லணும். சாப்பிடலன்னா சாப்பிடலன்னு சொல்லணும்."

"சொன்னா கத்துவ."

"கத்த மாட்டேன்."

"உங்க மாமா பையைக் கிளறக் கூடாது."

"கிளற பை எங்க இருக்கு?"ன்னு நான் சொன்னேன். ரெண்டு பேருமே என்னை முறைச்சாங்க.

அன்னைக்கு மத்தியானம் வாண்டு கொண்டு வந்த பெட்டி ஒண்ணைப் பிரிச்சு பிசினு டேப்பை உரிச்சு, அக்கா சொன்ன அளவுக்கு துண்டு துண்டா கிழிச்சு டிரம்ல போட்டான். டேப் மக்காதாம், அதை தனியா எடுத்துடணுமாம். கிழிக்கிறப்ப கேள்வி மேல கேள்வி. எலுமிச்சைத் தோல் போடலாமா? எலும்பு? நகம் வெட்டினது? அக்கா, "உன் நகத்தை உன் வீட்லயே வெச்சுக்கோ"ன்னா.

இப்ப எங்க வீட்லயும் ஒரு டிரம் வெச்சாச்சு. எங்களுக்கு அக்கா மாதிரி வரல, இன்னும் வாரத்துக்கு ரெண்டு பை போகுது. நான் சாயங்காலம் மேல போறது மட்டும் நிக்கல. வெறுங்கையோட போறேன், அவ முகத்தைப் பாக்குறேன், ஏதாவது பேசிட்டு வர்றேன்.

போன வாரம் நான் அங்க இருந்தப்ப வாண்டு போன் பண்ணான். அக்கா மேஜையில துணியை விரிச்சுட்டே ஸ்பீக்கர்ல போட்டா.

"சாப்பிட்டியாம்மா?"

அக்கா என்னை ஒரு பார்வை பாத்தா. "இல்லடா. நேத்து ராத்திரியும் சாப்பிடல. மனசே இல்ல."

அவன் மூச்சு விடுறது கேட்டுது. கத்தப் போறான்னு நினைச்சேன்.

"ஏம்மா, என்ன ஆச்சு?"ன்னு கேட்டான்.

அக்கா கத்தரியை கீழ வெச்சுட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து சொல்ல ஆரம்பிச்சா.