அது கொட்டாவி அல்ல

பத்திரிகையின் பதினோராம் பக்கத்தில், பூனைக்குக் கீழே, மீசைக்கு மேலே, அவருடைய வாய் திறந்திருந்தது.

ஒரு வங்கியில் டோக்கன் இயந்திரத்தின் பொத்தானை மிதித்துச் சீட்டு வாங்கிக்கொண்டு, முறை வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்த பூனை அது. மீசை ஒன்றல்ல, பல. தங்கள் நடிகர் மீசையை மழித்துவிட்டாரே என்று மனமுடைந்த ரசிகர்கள் தங்களுடையதையும் மழித்து, உறையில் போட்டு அவர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவில், எடை அளவைத் துறையில் முப்பத்தொரு வருடம் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அரங்கத்தின் நான்காம் வரிசையில் கண்ணை மூடி வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தார். மேலே தலைப்பு: 'எதிர்த்தவர் வந்தார், கொட்டாவி விட்டார்.'

ஆய்வாளர் அதை நின்றபடியே படித்தார். பிறகு பத்திரிகையை நான்காக மடித்தார். அந்தப் பகுதிக்கு 'நமட்டுச் சிரிப்பு' என்று பெயர். எழுதுபவர் பெயர் போடும் வழக்கமில்லை. போட வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. எழுதியவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவருடைய மருமகள்.

"ஏம்மா, இது யாருன்னு தெரியுதா?"

"தெரியுது மாமா. சட்டைப் பையில மூணு பேனா. பச்சை, சிவப்பு, நீலம். ஊர்லயே ஒருத்தர்தான்."

"தெரிஞ்சும் போட்டிருக்க."

"பேர் போடலையே."

"மூணு பேனாவைப் போட்டாச்சு. அப்புறம் பேர் எதுக்கு?"

சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "பூனை அழகா இருக்கு," என்றாள்.

"நம்ம குடும்பத்துல சபையில கொட்டாவி விட்டவன் கிடையாது," என்றார் ஆய்வாளர். "தொட்டில்ல கிடக்கிற குழந்தைகூடக் கையை வாய்கிட்ட கொண்டுபோகும். நாளைக்கே இதே பக்கத்துல மறுப்பு வரணும். பூனைக்கு மேல."

மருமகள் ரொட்டியைக் கடித்தாள். வழக்கமாக ஒன்றுக்கு மூன்றாகப் பதில் வைத்திருப்பவள் அவள். அன்று வாய் நிறைய ரொட்டியை வைத்துக்கொண்டது ஏன் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

விவகாரம் ஆரம்பித்தது ஒரு பாட்டால். மூன்று மாதமாகப் பேருந்திலும் கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் அதுதான்.

*மாமனாரே மாமனாரே மணி என்னாச்சு?*
*மக என்கூட வந்த பின்னே மானம் என்னாச்சு?*

நாடு முழுவதும் மாமனார்கள் கொதித்தார்கள். ஒரு மாமனார் மருமகனுக்குப் பரிசளித்த கடிகாரத்தைத் திரும்பப் பறித்துக்கொண்டார் என்று ஆய்வாளரின் மருமகளே ஒருமுறை தன் பகுதியில் எழுதியிருந்தாள். பாடகர் வருத்தம் தெரிவித்தார். எதற்கு வருத்தம் தெரிவித்தார் என்று அவருடைய ரசிகர்கள் கொதித்தார்கள். ஓய்வு பெற்றோர் சங்கம் கூடி, பாட்டுக்கு எதிராக மனு எழுதும் பொறுப்பைத் தலைவரிடம் ஒப்படைத்தது. தலைவர் ஆய்வாளர்தான்.

அவர் எதையும் அளக்காமல் குறை சொல்பவரல்ல. ஆகவே பாட்டைக் கேட்டார். கதவைச் சாத்திக்கொண்டு, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறைக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு கோடு போட்டு, முப்பத்தேழு முறை கேட்டார். மனு பதினொரு பக்கம் வந்தது. மூன்றாம் பக்கத்தில், 'மானம் என்ற சொல்லுக்கு அளவு என்றும் பொருள் உண்டு. அளவு தவறும் இடத்திலேயே மானமும் தவறுகிறது' என்ற வாக்கியத்தைச் சங்கமே எழுந்து நின்று பாராட்டியது. வீட்டில் அந்தப் பாட்டுக்குத் தடை. மனைவி மட்டும் மிக்ஸி ஓடும்போது பாடுவாள். மிக்ஸி இவ்வளவு நேரம் ஓட வேண்டிய சமையல் எதுவும் மேஜைக்கு வந்ததில்லை என்பதை அவர் கவனித்திருந்தார்.

பாடகர் ஊருக்கு வந்தபோது, ஆதாரம் திரட்டவென்று ஆய்வாளர் மாலைக் காட்சிக்குப் போனார். தானும் வருவதாக மனைவி சொன்னதற்கு, "ஆய்வுக்குப் போற இடத்துக்குக் குடும்பத்தோடயா போவாங்க?" என்று கேட்டுவிட்டுத் தனியாகவே போனார்.

இப்போது படத்தை மேஜைமேல் விரித்து, எஃகு அளவுகோலை வாயின்மேல் வைத்தார். கொட்டாவி என்றால் தாடை கீழே தொங்க வேண்டும், கழுத்து நரம்பு இழுபட வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. வாய் நல்ல வட்டமாக இருந்தது. குறித்துக்கொண்டார். மறுப்புக் கடிதத்தின் முதல் பத்தியை முடித்தபோது தொலைபேசி அடித்தது. சங்கச் செயலாளர். அஞ்சல் துறையில் இருந்தவர்.

"சார், பாத்துட்டோம் சார். வாயே அடைச்சுப் போச்சு எங்களுக்கு."

"அது வந்து..."

"மனு குடுத்தோம், என்ன ஆச்சு? கூட்டம் போட்டோம், என்ன ஆச்சு? நீங்க ஒத்த ஆளு, அவன் மூஞ்சிக்கு நேரா உக்காந்து ஒரு கொட்டாவி. பதினோரு பக்கத்துல சொல்ல முடியாததை ஒரே வாயில சொல்லிட்டீங்க."

"செயலாளர், நான் சொல்றதக் கேளுங்க..."

"வெள்ளிக்கிழமை காலைல பத்து மணி சார். அரங்கத்து வாசல்ல நாப்பது பேர் நிக்கிறோம். ஒரே நேரத்துல கொட்டாவி. நீங்கதான் முன்னால. ரெண்டு பேருக்குப் பல்செட் கழண்டுடுமோன்னு பயம் இருக்கு, அதைப் பாத்துக்கலாம்."

தொலைபேசியை வைத்தபோது ஆய்வாளர் முதுகு இன்னும் நேராகத்தான் இருந்தது. எழுதிய பத்தியை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கொட்டாவி ஒன்றும் அவ்வளவு கேவலமானதில்லை என்று மனதின் ஒரு மூலை சொன்னது. தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"என்ன மாமா, மறுப்பு வேணுமா வேணாமா?" மருமகள் கைப்பையோடு வாசலில் நின்றிருந்தாள். "பக்கம் முடிக்கணும்."

"இருக்கட்டும். சின்ன விஷயம். பெரிசு பண்ண வேணாம்."

அவள் பையைக் கீழே வைத்தாள். கதவைச் சாத்தினாள். தன் கைபேசியை எடுத்து, சத்தத்தைக் குறைத்து அவர் முன்னால் வைத்தாள். "இதைப் பாத்துட்டுச் சொல்லுங்க. எங்க ஃபோட்டோகிராஃபர் எடுத்தது. பதினோரு விநாடி."

அதே நான்காம் வரிசை. அதே மூன்று பேனா. கண்ணை மூடியிருந்தார், தொடையில் வலது கை தாளம் போட்டது, வாய் திறந்தது. இருபுறமும் இருந்த இளைஞர்களின் குரலைத் தாண்டி, முப்பத்தொரு வருடம் சந்தைகளில் ஏலம்போடுபவர்களை அடக்கிய குரல் தெளிவாகக் கேட்டது: *மானம் என்னாச்சு?* அந்த 'னா'வில்தான் படம் பிடித்திருக்கிறார்கள்.

ஆய்வாளர் கைபேசியைக் கவிழ்த்தார்.

"இதை யார் யார் பாத்தாங்க?"

"நானும் ஃபோட்டோகிராஃபரும்தான். 'எதிர்த்தவரே பாடினார்'ன்னு தலைப்பு வெச்சுக் கொண்டுவந்தார் மாமா. நான்தான் கொட்டாவின்னு மாத்தினேன். பாட்டை விடக் கொட்டாவி பரவாயில்லன்னு தோணுச்சு. குடும்ப மானம்."

"அப்ப அது கொட்டாவி இல்லன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன்."

கதவு சாத்தியிருந்தாலும் அந்த வீட்டில் சுவர் மெல்லியது. மனைவி உள்ளே வந்தாள், கையில் கரண்டியோடு. கைபேசியை எடுத்தாள், நிமிர்த்தினாள், சத்தத்தை முழுக்க ஏற்றினாள். பதினோரு விநாடியையும் இரண்டு முறை கேட்டாள்.

"என் தம்பி கடையில இருபது கிராம் குறைஞ்ச எடைக்கல் ஒண்ணு இருந்துச்சு," என்றாள் மருமகளிடம். அவரைப் பார்க்கவே இல்லை. "கல் தேஞ்சுபோச்சு மாமான்னு அவன் கெஞ்சினான். உங்க மாமா அதைப் பறிமுதல் பண்ணிட்டு வந்துட்டார். மூணு வருஷம் அவன் இந்த வாசப்படி மிதிக்கல. நான் ஒரு வார்த்தை கேட்டேனா? கேக்கல. பொய்க் கல்லுல முத்திரை குத்த மாட்டார் எம் புருஷன்னு நாலு பேர்கிட்ட பெருமையாத்தான் சொன்னேன்."

"இப்ப அதுக்கென்ன?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழமை நாப்பது பேரோட போய் வாயைத் திறந்துட்டு வாங்க. நான் தம்பிக்கு ஃபோன் பண்ணி, அந்தக் கல் சரியான கல்தான்டான்னு சொல்லிடறேன்."

அவள் சமையலறைக்குத் திரும்பினாள். மிக்ஸி ஓடியது. நெடுநேரம் ஓடியது.

ஆய்வாளர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். வேலையில் இருந்தபோது, தள்ளுபடி செய்த கற்களின் பட்டியலுக்கு மட்டும் பயன்படுத்திய நிறம் அது. கவிழ்த்து வைத்த தாளைத் திருப்பி, பத்தியைக் குறுக்கே அடித்தார்.

"எழுதிக்கோம்மா. 'திருத்தம். நேற்று இப்பகுதியில் வெளியான படத்தில் இருப்பவர் கொட்டாவி விடவில்லை. அவர் பாடிக்கொண்டிருந்தார்.'"

மருமகள் எழுதினாள். அவள் உதட்டோரம் துடித்தது, ஆனால் அடக்கிக்கொண்டாள். "சங்கம், மாமா?"

"ராஜினாமா எழுதி வெச்சுட்டுத்தான் படுப்பேன். நீ எழுது. 'பல்லவியின் இரண்டாம் வரி. சொல் பிசகவில்லை. தாளம் தவறவில்லை.'"

"அவ்வளவுதானே?"

"இரு. 'தாளம் தவறியது மேடையில்.'"

"மாமா, அது வேணாம். அவர் ரசிகருங்க லாரியில வந்து இறங்குவாங்க."

"வரட்டும். 'மானம்'ல கால் மாத்திரை முந்திட்டான்மா அவன். நான் சரியான இடத்துல நின்னேன். பதினோரு விநாடியையும் போட்டுக் கேட்டுப் பாரு. பொய்யா சொல்றேன்?"

அவள் போட்டுக் கேட்டாள். அந்த வரியையும் சேர்த்து எழுதிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை திருத்தம் வந்திருந்தது. பூனைக்கு மேலே அல்ல; பூனை நேற்றைய செய்தி. அன்று ஒரு கிளி, எதிர்வீட்டு அழைப்பு மணிபோலக் கத்திக் கத்தி ஒரு தெருவையே கதவு திறக்க வைத்திருந்தது. கிளிக்கு மேலே, கட்டம் போட்டு, ஐந்து வரி. ஆய்வாளர் இஸ்திரி போட்ட சட்டையை அணிந்து, மூன்று பேனாவையும் குத்திக்கொண்டு, ராஜினாமாக் கடிதத்தை மடிமேல் வைத்துத் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்பதரைக்கு அது அடித்தது.

"சார்," என்றார் செயலாளர்.

"சொல்லுங்க. கடிதம் தயாரா இருக்கு."

மறுமுனையில் அவர் தொண்டையைச் செருமினார். குரல் பாதியாகக் குறைந்தது. வீட்டில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"சார், நீங்க தப்பா நெனைக்கலேன்னா ஒண்ணு கேக்கணும். மூணாவது வரி. 'தாப்பா போட்ட கதவெல்லாம்'னு வருதா, இல்ல 'தப்பா போட்ட கதவெல்லாம்'னு வருதா? மூணு வாரமா இதே யோசனை. யார்கிட்டயும் கேக்கவும் முடியல."

ஆய்வாளர் கடிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

"தாப்பா," என்றார். "நெடில். முப்பத்தேழு தடவை கேட்டாச்சு. சந்தேகமே வேணாம்."

"அப்பாடா," என்றார் செயலாளர். "வெள்ளிக்கிழமை என்ன சார் செய்யறது?"

"கூட்டம் நடக்கட்டும், கொட்டாவி வேணாம். மனுவில மூணாம் பக்கத்தை, அந்த 'மானம்' பக்கத்தை எடுத்துடுவோம்."

தொலைபேசியை வைத்தார். சமையலறையில் மனைவி பாடிக்கொண்டிருந்தாள். மிக்ஸி ஓடவில்லை. *மாமனாரே மாமனாரே* என்று இழுத்து, 'மணி'யில் அவசரப்பட்டு, ஓடிப்போய் 'என்னாச்சு'வில் நின்றாள். அவர் பொறுத்துப் பார்த்தார். இரண்டாம் முறையும் அதே பிழை.

"ஏம்மா," என்றார் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "'மணி'யில கால் மாத்திரை குறையுது."

பாட்டு நின்றது.

"அங்கிருந்தே நிறுத்துட்டீங்களாக்கும்?" என்றாள் அவள். "தராசை எடுத்துட்டு இங்க வாங்க."

ஆய்வாளர் எழுந்தார். போகும் வழியில், தொடையில் ஒருமுறை தாளம் போட்டுச் சரிபார்த்துக்கொண்டார்.