இரண்டாவது மெர்சி

ஸ்டான் இரும்புக் கம்பியைத் தூக்கித் தரையில் இறக்கினான். ஒரு சாண் போனதும் பாறையில் பட்டதுபோல் டங்கென்று நின்றுவிட்டது. கம்பியைப் பிடுங்கி, நுனியில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்தான். எனிட் கோட்டுப் பைக்குள் கைகளை விட்டபடி பக்கத்தில் நின்றாள்.

“உள்ளுக்குள்ள இன்னும் ஐஸாத்தான் கெடக்கு. ஒரு மழை பெஞ்சா போதும். உங்க இடுகாட்டுக் கமிட்டிக்காரங்க மனசு எளகுறதுக்கு முன்னாடி மண்ணு எளகிரும் பாரு,” என்றான்.

ஒரே வகுப்பில் படித்தவன் என்பதால் அவன் இப்படிப் பேசலாம். அவனுடைய தாத்தா போலந்திலிருந்து புகையிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். அதனால் இந்தப் பழைய இடுகாட்டில் குழி தோண்ட மட்டும்தான் ஸ்டானுக்கு உரிமை, படுக்கக் கிடையாது. அவன் ஆட்களெல்லாம் நெடுஞ்சாலை ஓரத்துப் புதுக் கல்லறைத் தோட்டத்தில் லாரிச் சத்தத்துக்கு நடுவே கிடக்கிறார்கள். எனிட்டின் அம்மாவும் அங்கேதான் போக வேண்டும் என்று ஒரு மாதமாகப் பேச்சு நடக்கிறது.

அம்மா ஆர்டிஸ் ஜனவரியில் இறந்தாள். கனெக்டிகட் ஆற்றங்கரை ஊர்களில் குளிர்காலத்தில் செத்தவர்களுக்கு மண் உடனே கிடைக்காது. மேட்டைக் குடைந்து செங்கல் கட்டி இரும்புக் கதவு போட்ட ஒரு அறையில், தரை இளகும்வரை பெட்டிகள் காத்திருக்கும். ராத்திரி வீட்டில் ஹீட்டர் ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் எனிட்டுக்கு அந்தக் கதவுதான் நினைவுக்கு வந்தது. தொண்ணூற்றொரு வயதுக் கிழவி செத்ததற்கு இப்படி அழக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அழுகை கேட்கவில்லை.

ஸ்டான் கம்பியைக் குத்திய இடத்துக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு சின்னக் கல் இருந்தது. அதில் ‘எனிட், பதினொரு மாதம்’ என்று எழுதியிருந்தது. அது அவளுக்கு முன்னால் பிறந்து கக்குவான் இருமலில் போன குழந்தை. அடுத்துப் பெண் பிறந்ததும் அம்மா அதே பேரை வைத்துவிட்டாள். மிஞ்சின நூலைக்கூடத் தூக்கிப் போடாமல் உருண்டையாகச் சுற்றி வைக்கிற ஊர் இது, பேரை மட்டும் வீணாக்குமா? அம்மாவின் குடும்பத்தில் முந்நூறு வருஷமாக இதுதான் வழக்கம். பிள்ளை செத்தால் அதன் பேர் அடுத்த பிள்ளைக்குப் போகும். பள்ளியில் பையன்கள் “உன் கல்லுல பாசி பிடிச்சிருக்கு, போய்த் தேய்ச்சுக் குளி” என்று கேலி செய்தபோது எனிட் அடித்திருக்கிறாள். ஸ்டானும் அடி வாங்கியவர்களில் ஒருவன்.

அம்மா கடைசியாக நினைவோடு பேசியது ஒரு மத்தியானம். எனிட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னை எனிட் பக்கத்துல வை” என்றாள். நான்தானம்மா எனிட் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. “சரிம்மா” என்றாள். சொன்ன சொல் இப்போது மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது.

பழைய இடுகாட்டில் மிஞ்சியிருப்பது கொஞ்சம் இடம்தான். ஊரை உண்டாக்கிய முதல் குடும்பங்களின் ரத்த வழியில் வந்தவர்களுக்கு மட்டுமே அது என்று விதி. தலைமுறை தலைமுறையாகச் சான்று காட்ட வேண்டும். கோடையில் மட்டும் வந்து தங்கும் பணக்காரர் ஒருவர் காட்சி அழகுக்காக அங்கே இடம் கேட்டபோது இறுக்கிய விதி அது. அன்றைக்குக் கமிட்டியில் அம்மாவும் இருந்தாள். முதலில் கையைத் தூக்கியது அவள்தான். ‘தன் வினை தன்னைச் சுடும்’ என்று ஊரில் சிலர் இப்போது சந்தோஷமாகவே சொல்லிக்கொண்டார்கள்.

அம்மாவுக்குத் தன் வழியைப் பற்றி எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. ஒபதியா க்ரேன் இங்கே முதல் மரத்தை வெட்டியவர். அவர் மகள் மெர்சி, மெர்சியின் மகன், அவன் மகன் என்று அம்மாவின் மாமா எழுதிச் சட்டம் போட்ட வம்ச மரம் சாப்பாட்டு அறைச் சுவரில் தொங்கியது. ஊர்த் திருநாள் ஊர்வலத்தில் அம்மா எப்போதும் முதல் வண்டியில்தான் போவாள். அப்பா வேறொரு பெண்ணோடு ஃப்ளோரிடாவுக்குப் போனபோதுகூட, “அவருக்கு வேர் கிடையாது, காத்தடிச்சா போயிருவாரு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

அந்த மரத்தை மார்ச் மாதம் மேனார்ட் சால்ட்டர் வெட்டினார். அவர்தான் கமிட்டித் தலைவர், பழைய பதிவேடுகளைக் கரைத்துக் குடித்தவர். கெட்ட சேதி கொண்டுவரும்போது இனிப்போடு வருவது அவர் வழக்கம். அன்றைக்குப் புதிதாகக் காய்ச்சிய மேப்பிள் பாகு ஒரு பாட்டிலை மேசையில் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

“எனிட், அந்தக் காலத்துப் பாதிரியாரோட டயரியில பாத்தேன்மா. மெர்சி க்ரேன் நாலு வயசுலயே போயிட்டா. 1675, இலையுதிர் காலம். செத்துப்போன பிள்ளைக்கு ஏது பேரப்பிள்ளைங்க?”

எனிட் சிரித்துவிட்டாள். அம்மா செத்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. “மேனார்ட், நீங்க யார்கிட்ட வந்து இதைச் சொல்றீங்க? நானே ஒருத்தி செத்த பிறகு வந்தவதானே. இன்னொரு மெர்சி இருப்பா.”

அவரும் மெல்லச் சிரித்தார். “இருக்கலாம். இருந்தா நல்லதுதான். காட்டு. உங்கம்மாவை வெளிய வைக்கணும்னு எனக்கு என்ன ஆசையா?”

அதன்பிறகு தேட ஆரம்பித்தாள். ஊர்ப் பதிவேட்டில், 1675-இல் செவ்விந்தியர்களோடு மூண்ட போர்க்காலத்துப் பிறப்புப் பக்கங்கள் இல்லை. அந்த வருஷங்களில் பாதி ஊர் எரிந்திருந்தது. ஆனால் 1694-இல் ‘மெர்சி க்ரேன்’ நத்தானியேல் பெல்லுக்கு மனைவியானாள் என்ற திருமணக் குறிப்பு தெளிவாக இருந்தது. இருந்திருக்கிறாள் என்று எனிட்டுக்கு உடம்பெல்லாம் சூடானது. இடையில் ஒரு கண்ணிதான் மிச்சம். அவள் ஒபதியாவின் மகள் என்று ஏதாவது ஒரு காகிதம் சொல்ல வேண்டும். ஒபதியா கடைசிக் காலத்தில் மகனோடு ஆற்றின் கீழ்ப்பக்கம் வேறொரு மாவட்டத்துக்குப் போய்விட்டார். அதனால் அவருடைய உயிலை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. எனிட் அந்த மாவட்ட நூலகத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு போய், பழைய ஆவணங்களைப் படம் பிடித்த மைக்ரோஃபிலிம் சுருளைத் திரையில் நகர்த்தி, பூச்சிக் கால் போன்ற எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். மகன்களுக்கு நிலம், மனைவிக்கு அடுப்பருகே இருக்கும் அறையும் விறகும் என்று போய்க்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இப்படி இருந்தது:

‘யுத்த வருஷத்திலே ஆற்றுக்கு அப்புறத்திலிருந்து கொண்டுவரப்பட்டு என் வீட்டிலே வளர்ந்தவளும், மரித்துப்போன எங்கள் மகளின் பேரால் என் மனைவி அழைத்துவந்தவளுமாகிய மெர்சிக்கு, ஒரு பசுவும் அவள் படுத்துவந்த மெத்தையும்.’

எனிட் மறுபடி படித்தாள். கொண்டுவந்தது யார், யாருடைய பிள்ளை, எரிந்த வெள்ளைக்காரக் குடியிருப்பிலிருந்தா, எரிக்கப்பட்ட செவ்விந்தியர் கிராமத்திலிருந்தா, எதுவும் எழுதவில்லை. அந்தக் குழந்தைக்கு அதற்கு முன்னால் ஒரு பேர் இருந்திருக்கும். அதையும் யாரும் எழுதவில்லை. நூலகப் பெண் வந்து “கண்டுபிடிச்சிட்டீங்களா?” என்று கேட்டபோது எனிட் ஒரு நகல் மட்டும் கேட்டாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அம்மாவை நினைத்துப் பயம். அதைவிட, தன்னை யாரோ இத்தனை காலத்துக்கு அப்பாலிருந்து திரும்பிப் பார்த்துவிட்டதுபோல ஒரு பயம்.

தம்பி ராய்ஸ் உயிலின் நகலை ஒருதரம் படித்தான். குப்புறக் கவிழ்த்து வைத்தான். அவன் தட்டில் அவித்த பீன்ஸ் ஆறிக்கொண்டிருந்தது.

“இதை யாரெல்லாம் பாத்திருக்காங்க?”

“நான்தான்.”

“அப்ப யாரும் பாக்கல. கல்யாணக் குறிப்பு இருக்கில்ல? மெர்சி க்ரேன்னு கொட்டை எழுத்துல இருக்கு. அதைக் குடு. போதும்.”

“ராய்ஸ், அவ க்ரேன் இல்ல.”

“நீ என்ன போலீஸா? முந்நூறு வருஷத்துக்கு முன்னால செத்தவளுக்காக நம்ம அம்மாவ லாரி போற ரோட்டோரம் போடப் போறியா? மூணு மாசமா அந்த இருட்டு ரூம்ல கெடக்கா எனிட். நீதானே அவளுக்கு வாக்குக் குடுத்த. நான் குடுக்கல.”

“தெரியும்.”

“தெரிஞ்சா வாயை மூடிக்கிட்டு இரு. உனக்குச் சின்னதுலேர்ந்தே இந்தச் சனியன். வீட்டுக்குள்ள நடக்குறத வெளிய போய்ச் சொல்லாட்டி தூக்கம் வராது.”

அவன் சொன்னதில் பாதி உண்மை. எனிட் அவன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அவன் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கமிட்டி கூடியது. வெளியே காலையிலிருந்து சன்னமாக மழை பெய்துகொண்டிருந்தது. காபி, டோனட், மடக்கு நாற்காலிகள். மேனார்டும் இன்னும் நாலு பேரும். அவர்களில் மூத்தவர் மிஸஸ் ப்ளாட்ஜெட். காது சரியாகக் கேட்காது, பின்னல் ஊசி மட்டும் நிற்காது. ராய்ஸ் சுத்தமான சட்டை போட்டு எனிட்டுக்குப் பக்கத்தில் முழங்கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மேனார்ட் திருமணக் குறிப்பைக் கண்ணாடிக்கு அருகில் வைத்துப் பார்த்தார். “பிறந்த குறிப்பு எரிஞ்சுபோச்சு. அதுக்கு இந்தக் குடும்பம் என்ன பண்ணும்? செத்த பிள்ளை பேரை அடுத்ததுக்கு வைக்கிறது ஒபதியா வீட்டுலயும் வழக்கந்தான். இது ரெண்டாவது மகள்னு எடுத்துக்கலாம்னு நான் நினைக்கிறேன்.” மற்றவர்கள் தலையசைத்தார்கள். ஆர்டிஸை எல்லோருக்கும் பிடிக்கும், அல்லது எல்லோருக்கும் பயம். முடித்துவிட்டு வீட்டுக்குப் போக எல்லோரும் தயாராக இருந்தார்கள். மேனார்ட் பேனாவைத் திறந்தார். “வேற ஏதாவது சேக்கணுமா, எனிட்?”

ராய்ஸின் முழங்கால் நின்றது.

இல்லை என்று ஒரு சொல் போதும். அம்மா நாளைக்கே மண்ணுக்குள் நிம்மதியாகப் போய்விடுவாள். எனிட் வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு நினைவு வந்தது சின்ன வயதுச் சமையலறை. அம்மா கொல்லைக் கதவில் நின்று “எனிட்” என்று கூப்பிடுவாள். அவள் ஓடிப் போய் நிற்பாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அம்மாவின் கண் அவளைத் தாண்டி வேறு யாரையோ தேடும். பிறகுதான் “கை கழுவிட்டு வா” என்பாள். எத்தனையோ தடவை அது நடந்திருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. அந்த மெர்சியையும் கதவில் நின்று ஒருத்தி அப்படித்தான் கூப்பிட்டிருப்பாள். இன்றைக்குத் தானும் அவளைச் செத்த பிள்ளையின் பேருக்குக் கீழே போட்டு மூடினால், இனி அவளைத் தோண்டி எடுக்க ஆளே கிடையாது.

“இருக்கு,” என்றாள். கைப்பையிலிருந்து உயிலை எடுத்துப் படித்தாள்.

“சத்தமா படிம்மா, காதுல விழல,” என்றார் மிஸஸ் ப்ளாட்ஜெட்.

மறுபடியும் படிக்க வேண்டியிருந்தது. ‘ஆற்றுக்கு அப்புறத்திலிருந்து கொண்டுவரப்பட்டு’ என்ற இடம் வந்ததும் ராய்ஸ் எழுந்தான். நாற்காலி மடங்கிக் கீழே விழுந்தது. “அம்மாவை நீயே கொண்டுபோய் ரோட்டோரம் போடு,” என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனான்.

மேனார்ட் பேனாவை மூடினார். முகம் வெளுத்திருந்தது. “நீ இதைக் காட்டாம இருந்திருக்கலாமே, எனிட்.” கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. “விதி ரத்த வழின்னு சொல்லுது. உங்கம்மாவே எழுதின வாசகம் அது.”

“தெரியும் மேனார்ட். நீங்க என்ன முடிவு பண்ணாலும் நான் சண்டை போட மாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அந்தப் பொண்ணை மெர்சின்னு கூப்பிட்டிருக்காங்க, அவ வந்திருக்கா. தினமும் வந்திருக்கா. அது அவ பேரு இல்லன்னு தெரிஞ்சும் வந்திருக்கா. அது எப்படி இருக்கும்னு இந்த ரூம்ல எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கம்மாவுக்கு வந்தது அவ ரத்தம்தான். அதை மறைச்சு இடம் வாங்க எனக்கு மனசு வரல.”

மிஸஸ் ப்ளாட்ஜெட்டின் ஊசி நின்றிருந்தது. நாங்கள் கொஞ்சம் பேச வேண்டும், நீ வெளியே இரு என்று மேனார்ட் சொன்னார்.

வெளியே மழை விட்டிருந்தது. ராய்ஸின் வண்டியைக் காணோம். தேவாலயத்துக்குப் பின்னால் இடுகாட்டுச் சரிவில் சேறும் பழைய பனியும் கலந்து கிடந்தன. செங்கல் அறையின் இரும்புக் கதவு ஈரத்தில் கறுத்திருந்தது. எனிட் அதைப் பார்க்காமல் நடக்க முயன்றாள், முடியவில்லை. நின்று கதவின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அம்மா, நான் கெடுத்துட்டேன் போலிருக்கு என்று மெதுவாகச் சொன்னாள். அழுகை வந்தது. ஆனால் செய்தது தப்பு என்று மட்டும் தோன்றவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

பின்னால் தேவாலயக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மிஸஸ் ப்ளாட்ஜெட் மேனார்டின் கையைப் பிடித்துக்கொண்டு, வழுக்கும் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிக்கொண்டிருந்தார். அந்தத் தூரத்தில் முகம் தெரியவில்லை. இருவரும் காரை நோக்கிப் போகவில்லை. சரிவில் அவளை நோக்கித்தான் மெல்ல வந்தார்கள்.

“எனிட்,” என்று அந்தப் பக்கமிருந்து ஸ்டானின் குரல் வந்தது. “இங்க வா.”

அவன் சின்னக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். எந்த எனிட்டை என்று ஒரு கணம் அவளுக்குக் குழம்பியது. ஆனாலும் கால் நகர்ந்துவிட்டது. அவள் போய்ச் சேர்ந்தபோது ஸ்டான் கம்பியை விட்டுக் கையை எடுத்திருந்தான். அவன் ஓங்கிக் குத்தியிருக்கவில்லை, சும்மா ஊன்றித்தான் இருந்தான். கைப்பிடிவரை மண்ணுக்குள் இறங்கிப்போயிருந்த கம்பியைச் சுற்றி, இளகிய நீர் மெல்ல ஊறி மேலே வந்துகொண்டிருந்தது.