சார்ஜ் லைட்

பச்சை மூங்கில் பாடையில் கை வைத்து நான்கு பேரும் குனிந்துவிட்டார்கள். "தூக்குங்கப்பா" என்று யாரோ சொன்னதுதான் தாமதம், மாதேஸ்வரன் தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு நிமிசம் இருங்க. வண்டிச் சாவி எங்க?"

குனிந்தவர்கள் குனிந்தபடியே நின்றார்கள். மேளக்காரர் கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அறிவுமதிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பாடையில் கிடப்பது அவளைப் பெற்ற அப்பா செங்கோடன். கேட்பவர் அப்பாவின் உடன்பிறந்த தம்பி, அவளுக்குச் சித்தப்பா. அப்பாவைத் தூக்குகிற நேரத்தில் எந்த வண்டி, எந்தச் சாவி?

"அம்பாசிடர் சாவிதான். எங்கப்பன் வாங்குன வண்டி அது. அண்ணனுக்கு ஆம்பளப் பையன் இல்ல. எம்பட பையன்தான் கொள்ளி வெக்கறான். கொள்ளி வெக்கறவன் ஊட்டுக்குத்தான் வண்டி. நாலு பேரு இருக்கறப்பவே பேசி முடிச்சுப்போடலாம். அப்புறமேலு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவீங்க."

"சித்தப்பா, இதப் பேசற நேரமுங்களா இது?"

"நேரம் என்ன சாமி நேரம்? சாவி வந்தா பாடை எழும்புது."

தீச்சட்டியோடு முன்னால் நின்ற காளிதாஸ் தன் அப்பாவைப் பார்த்து, "உடுங்கப்பா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். "நீ சும்மா நில்லுடா" என்று அவன் வாய் அடைக்கப்பட்டது.

மாதேஸ்வரனுக்கு அந்த வண்டி எதற்கு? ஆந்திராவில் அவருடைய போர்வெல் ரிக்குகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வாசலில் நிற்கும் அவருடைய வெள்ளைக் கார் தெருவையே அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அண்ணன் கையில் ஒரு பொருள் இருந்தால் அது தன் கையில் இல்லையே என்று சிறுவயதிலிருந்தே அவருக்குத் தூக்கம் வராது. நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் அந்தப் பழைய டீசல் அம்பாசிடரைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த அழகுதான் அவர் கண்ணை உறுத்தியது.

வெயில் அப்பாவின் முகத்தில் விழுந்தது. ஓர் ஈ வந்து உதட்டில் உட்கார்ந்தது. அறிவுமதி துண்டால் அதை ஓட்டினாள். அது சுற்றிவிட்டு மறுபடி அங்கேயே வந்து உட்கார்ந்தது. ஊரே நின்று பார்த்தது.

பெண்கள் நடுவிலிருந்து அம்மா பெரியநாயகி எழுந்தாள். அழுது அழுது குரல் போயிருந்த அவள் யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய், சாமி அறை ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து வந்து கொழுந்தன் கையில் வைத்தாள்.

"இந்தா மாதேஸு. அவரத் தூக்கு."

சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டவர் தூக்கினாரா என்றால் அதுதான் இல்லை. "எனக்கு இடுப்புப் பிடிப்பு, நீங்க வாங்க" என்று சொல்லிவிட்டு அம்பாசிடரில் ஏறி உட்கார்ந்தார். வண்டி முன்னால் ஊர்ந்தது. அதன் டீசல் புகையைக் குடித்துக்கொண்டே அப்பா பின்னால் போனார்.

தெருமுனை வரைதான் பெண்கள் போகலாம். அங்கேயே நின்று அறிவுமதி அந்த ஊர்வலத்தைப் பார்த்தாள். வீட்டிலிருந்து சுடுகாடு நடந்து போகிற தூரம்தான். அந்தத் தூரத்துக்குக் கூடப் பிறந்தவன் ஒரு தோள் கொடுத்தால் குறைந்தா போய்விடுவான்? வண்டியை அவர் ஆண்டு அனுபவிக்கட்டும். அந்தத் தோளை மட்டும் வாங்காமல் விடுவதில்லை என்று அவள் அங்கேயே முடிவு செய்துவிட்டாள். எப்படி என்றுதான் அப்போது தெரியவில்லை.

ஆண்கள் திரும்பி வந்தபோது பாடை தூக்கியவர்களின் சட்டைத் தோளில் மூங்கிலின் பச்சைக் கறை அப்பியிருந்தது. மாதேஸ்வரனின் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை மட்டும் அப்போதுதான் இஸ்திரிக்காரரிடமிருந்து வந்தது போல இருந்தது. அவர் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, "அண்ணன் உள்ளுக்கு என்னமோ டிஸ்கோ லைட்டெல்லாம் போட்டு வெச்சிருக்கறான் பாத்தீங்களா?" என்று பக்கத்தில் நின்றவரிடம் சிரித்தபடி குளிக்கப் போனார்.

அந்தச் சிரிப்பில்தான் அறிவுமதிக்கு வழி கிடைத்தது.

டிஸ்கோ லைட் என்று அவர் சொன்னது டாஷ்போர்டு விளக்குகளை. சர்க்கரையில் அப்பாவின் பார்வை மங்கத் தொடங்கியபோது, மீட்டருக்குள் எரிகிற பழைய மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் முள் எங்கே நிற்கிறது என்றே அவருக்குத் தெரியாமல் போயிற்று. சேலத்துக்குப் போய் எல்இடி பல்பு வாங்கி வந்தார். அவர் கை தடித்த கை, மீட்டருக்குப் பின்னால் நுழையாது. அவர் டார்ச் பிடிக்க, அறிவுமதிதான் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கையை மேலே விட்டு, ஒவ்வொரு பல்பாகப் பிடுங்கிப் புதியதைச் செருகினாள். எல்இடி பல்புக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உண்டு. ஒரு பக்கமாகச் செருகினால் எரியும், திருப்பிச் செருகினால் எரியாது. எரியாததைப் பிடுங்கித் திருப்பிப் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் லைட்டைப் போட்டதும் மீட்டர் முழுக்க வெள்ளை வெளேரென்று எரிந்தது. "கல்யாண மண்டபமாட்ட இருக்குது போ" என்று அப்பா சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். அன்றைக்கு இருட்டும்வரை வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

நாலைந்து நாள் கழித்து நாமகிரிப்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் வண்டி கிளம்ப மறுத்தது. பேட்டரி சுத்தமாகத் தீர்ந்திருந்தது. பட்டு வேட்டியோடு தள்ளி ஸ்டார்ட் செய்துகொண்டு வந்தார்கள். திருச்செங்கோட்டு எலெக்ட்ரீசியன் மீட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு அப்பாவைத் திட்டினார்.

"ஏனுங்க, சார்ஜ் லைட்டுக்குமா எல்இடி போடுவாங்க? அந்த ஒரு பல்பு வழியாப் போற கரண்டுலதானுங்க ஆல்டர்னேட்டரே வேலை செய்ய ஆரம்பிக்குது. அதுலயும் தலைகீழாச் செருகி வெச்சிருக்கறீங்க. அப்புறம் எங்க பேட்டரி சார்ஜ் ஏறும்?"

சார்ஜ் லைட் என்பது வண்டி ஓடும்போது அணைந்திருக்க வேண்டிய விளக்கு. அது அணைந்தேதான் இருந்தது. அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அப்பாவும் மகளும் நினைத்துவிட்டார்கள். எலெக்ட்ரீசியன் அந்த ஓர் இடத்தில் மட்டும் பழைய பல்பைத் திரும்பப் போட்டார். மிஞ்சிய எல்இடியை அப்பா தீப்பெட்டியில் வைத்து டாஷ்போர்டு பெட்டியில் பத்திரப்படுத்தினார். எதையும் எறிந்து பழகாத மனிதர்.

தீப்பெட்டி அங்கேயே இருந்தது. கதவு எப்போதும் போலப் பூட்டாமல் கிடந்தது. எல்லோரும் பின்கட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அந்த மத்தியானத்தில் அறிவுமதி டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். டார்ச் பிடிக்க ஆள் இல்லை, ஆனால் விரல்களுக்கு இடம் தெரியும். பழைய பல்பைப் பிடுங்கி, அதே எல்இடியை அதே தலைகீழாகச் செருகினாள். பழைய பல்பை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தபோது, வாசற்படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சாமி தேடற?"

"ஒண்ணுமில்லம்மா."

அம்மா முந்தானை முடிச்சைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த இரண்டு நாளும் மாதேஸ்வரன் அம்பாசிடரை விட்டு இறங்கவில்லை. தன் புதுக் காரைப் போட்டுவிட்டு, கருமாதித் தேதியைச் சொல்கிறேன் என்று உறவுக்காரர் வீடு வீடாக அதில்தான் போனார். டிஸ்கோ லைட் என்று கேலி பேசியவர் பகலிலேயே லைட்டைப் போட்டுக்கொண்டு, "பாருங்க எப்படி எரியுதுன்னு" என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் காட்டினார். காட்டட்டும், காட்டட்டும் என்று அறிவுமதி உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை சாம்பலைப் பவானிக்குக் கொண்டுபோனார்கள். முறை சொல்வதில் மாதேஸ்வரனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கலயத்தைக் கொள்ளி வைத்தவன்தான் பிடிக்க வேண்டும், ஆறு வரைக்கும் அது கை மாறக்கூடாது, தரையில் படக்கூடாது என்று ஆளாளுக்குப் பாடம் எடுத்தார். மற்ற உறவுக்காரர்கள் வேனில் முன்னமே கூடுதுறைக்குப் போய்விட்டார்கள். அம்மா மட்டும், "அவரோட நானும் வாரேன்" என்று பிடிவாதமாக வந்து பின் சீட்டில் ஏறினாள். அவளுக்குத் துணையாக அறிவுமதி. முன் சீட்டில் மடியில் கலயத்தோடு காளிதாஸ்.

குமாரபாளையத்தில் பாலத்துக்குச் சற்று முன்னால், பூவும் தேங்காயும் வாங்க மாதேஸ்வரன் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். வாங்கிக்கொண்டு வந்து சாவியைத் திருகினார். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. வெள்ளை வெளேரென்று எரிய வேண்டிய மீட்டர் சோகை பிடித்தது போல மினுங்கி, அதுவும் அணைந்தது. மறுபடி திருகினார். அந்த 'டக்'கும் வரவில்லை.

பின்னால் ஒரு காலேஜ் பஸ் ஹார்ன் அடித்தது. அதற்குப் பின்னால் நூல் மூட்டை ஏற்றிய லாரி.

"எறங்கித் தள்ளுடா" என்றார் மகனிடம்.

"கலயத்த என்ன பண்றதுங்கப்பா?"

"பெரிம்மா கையில குடு."

பெரியநாயகி கையை நீட்டவில்லை. "நீதான சொன்ன மாதேஸு, கொள்ளி வெச்ச கை மாறக்கூடாதுன்னு" என்றாள்.

மாதேஸ்வரன் ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். ஆட்டோ பிடிக்கலாம் என்றால் வண்டியை நடு ரோட்டில் விட முடியாது. போலீஸ்காரர் வேறு விசிலை வாயில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அறிவுமதி இறங்கி முன்னால் வந்தாள்.

"நான் ஸ்டியரிங்கு புடிக்கறனுங்க சித்தப்பா. அப்பாவ ஆஸ்பத்திரிக்கு நாந்தானுங்க இதுல கூட்டிட்டுப் போவேன். டீசல் வண்டி, தள்ளுனாப் புடிச்சுக்கும். நீங்க தள்ளுங்க."

தறிக்குப் போகிற ஒருவர் சோற்றுத் தூக்குப்போசியை ஓரமாக வைத்துவிட்டுக் கை கொடுத்தார். வண்டி நகர்ந்து பாலத்தில் ஏறியதும், "இனி உருளுமுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். பிறகு மாதேஸ்வரன் மட்டும்தான்.

இரண்டாவது கியர் விழுந்திருந்தது. கிளட்சிலிருந்து காலை எடுத்தால் போதும், சூடாக இருந்த எஞ்சின் உடனே பிடித்துக்கொள்ளும். அறிவுமதி காலை எடுக்கவில்லை.

"வேகம் பத்தலீங்க சித்தப்பா" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

அவர் முக்கித் தள்ளினார். முதலில் கையால் தள்ளினார். கை ஓய்ந்ததும் பக்கவாட்டில் திரும்பி, டிக்கியில் வலது தோளைக் கொடுத்தார். கண்ணாடியில் அதைப் பார்த்த அறிவுமதிக்கு நெஞ்சு நிறைந்தது. இதுதான், இதேதான். தூக்கு, நன்றாகத் தூக்கு. இடுப்புப் பிடிப்பு இப்போது எங்கே போயிற்று? பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கீழே காவிரி இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

பாலத்தின் பாதியில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வாயைப் பிளந்துகொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்த அந்த முகம் அப்பாவின் முகமாகவே இருந்தது. கடைசி நாட்களில் கட்டிலில் அப்பா இப்படித்தான் காற்றைத் தேடினார். அறிவுமதியின் கோபம் சட்டென்று பிடி நழுவியது. அறுபதைத் தாண்டிய மனிதர், ஏதாவது ஆகிவிட்டால்? கிளட்சில் இருந்த கால் தளர்ந்து மேலே வந்தது.

"இன்னுஞ் சுடுகாடு வர்ல சாமி" என்றாள் பின்னாலிருந்து பெரியநாயகி.

சத்தமாகச் சொல்லவில்லை. அழுது தேய்ந்த அதே குரலில், வழி சொல்வது போலத்தான் சொன்னாள். அறிவுமதியின் கால் மறுபடி கிளட்சை மிதித்தது.

காளிதாஸ் அந்தக் காலைப் பார்த்தான். அவனும் இந்த வண்டியை ஓட்டிப் பழகியவன்தான். கலயத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தான்.

வண்டி உருண்டது. தெருமுனைப் புளியமரம், பால் சொசைட்டி, வாய்க்கால் மேடு என்று அறிவுமதி மனதுக்குள் தன் ஊர்ச் சுடுகாட்டுப் பாதையை நடந்துகொண்டே வந்தாள். பவானிப் பக்கம் பாலம் முடிந்து ரோடு சற்றே இறங்குகிற இடத்தில், "ம்" என்றாள் பெரியநாயகி.

அறிவுமதி காலை எடுத்தாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி உயிர் பெற்றது. பின்னால் குபுக்கென்று கரும்புகை கிளம்பி, பிடி விட்டுப்போய் நின்ற மாதேஸ்வரனை மூடியது.

சற்றுத் தள்ளி ஓரமாக வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தாள். அவர் முழங்காலில் கையூன்றி நின்று, பிறகு மெல்ல நடந்து வந்தார். பின் கதவைத் திறந்து அண்ணன் பெண்டாட்டிக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"பேட்டரி போயிருச்சாட்ட இருக்குது" என்றார் கடைசியில்.

மீட்டரில் ஒரு விளக்கும் எரியவில்லை. அறிவுமதி கண்ணாடியை நிமிர்த்திப் பார்த்தாள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையின் வலது தோளில் டிக்கியின் அழுக்கும் எண்ணெயும் உள்ளங்கை அகலத்துக்கு அப்பியிருந்தது. அப்போதுதான் அவரும் அதைக் கவனித்தார். துண்டை எடுத்துத் தேய்க்கப் போனார்.

"தொடைக்காத மாதேஸு" என்றாள் பெரியநாயகி. "இருக்கட்டும்."

அவர் கை அப்படியே நின்றது. அறிவுமதி கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டாள்.