பதினான்காவது ஷாட்

பீரோக் கதவைத் திறந்து பிடித்தபடி அவர் கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் துணி கேட்டிருந்தார்கள். பச்சைப் புடவையை எடுப்பார், வைப்பார். சாம்பல் நிறத்தை எடுப்பார், அதையும் வைப்பார். பின்னால் வந்து நின்ற கொழுந்தியாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பச்சையை எடுங்க அத்தான். சாம்பல் அக்கா வேலைக்குக் கட்டிக்கிறது," என்றாள். அவர் கையிலிருந்து வாங்கி, மடித்து, பையில் வைத்ததும் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் டீ குடித்துக்கொண்டிருந்த மனைவி கோப்பையோடு சாய்ந்தாள். மூளைக்குள் ரத்தக் கசிவு என்றார்கள். அன்று முழுக்கக் கண் திறக்கவில்லை. புதன் காலை ஆறு மணிக்கு அடங்கிவிட்டாள். மகள் விமானத்தில் வந்துகொண்டிருந்தாள். மூன்றரைக்கு இறங்குவாள், நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் உடலை வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. அதுவரை வந்தவர்களோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைத் தவிர அந்த வீட்டில் யாருக்கும் ஒரு வேலையும் இல்லை.

பதினோரு மணிக்குத் தயாரிப்பு மேனேஜர் வந்தார். கனத்த மனிதர். செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றுவிட்டார், உள்ளே வரக் கால் எழவில்லை. நேற்று முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவர்தான், துக்கம் கேட்க வந்த முகமாக இருந்தாலும் அதற்கு மேலே இன்னொரு சங்கடமும் அந்த முகத்தில் இருந்தது.

"எப்படிக் கேக்கிறதுன்னே தெரியல சார். அக்காவோட நோட்டு..."

இறந்தவள் ஒன்பது வருஷமாக ஒரு துப்பறியும் தொடரில் கன்டினியூட்டி பார்த்தவள். ஒரு ஷாட்டில் குற்றவாளியின் சட்டையில் மூன்றாவது பொத்தான் திறந்திருந்தால், நாலு நாள் கழித்து எடுக்கும் அடுத்த ஷாட்டிலும் அதே பொத்தான் திறந்திருக்க வேண்டும். தம்ளரில் தண்ணீர் எவ்வளவு, நெற்றிக் காயம் எத்தனை அங்குலம், எந்த வார்த்தையில் கை உயர்ந்தது, எல்லாம் அவள் நோட்டில் இருக்கும். அங்கே வேலை செய்த அறுபது பேருக்கும் அவள் அக்கா. அவளைவிட நாலு வயசு மூத்த டைரக்டருக்கும் அக்காதான். ஒரு தடவை அவரையே எல்லோர் முன்னாலும், "போன வாரம் இடது பக்கமாச் செத்துக் கிடந்தவர், இந்த வாரம் வலது பக்கமாச் செத்துக்கிட்டிருக்கார். பரவாயில்லையா?" என்று கேட்டு வைத்தாளாம். தொடரில் தப்புக் கண்டுபிடித்தால் பரிசு என்று சேனல்காரர்கள் அறிவித்து ஆறு வருஷம் ஆகிறது. பரிசை வாங்க ஒருத்தர்கூட வரவில்லை.

மேனேஜர் சொன்னது இதுதான். திங்கட்கிழமை விசாரணை அறைக் காட்சியைப் பாதி எடுத்திருந்தார்கள். நேற்று யாரும் வேலைக்குப் போகவில்லை. நாளைக்கு அந்தப் படப்பிடிப்புத் தளம் வேறு யாருக்கோ போகிறது, செட்டைப் பிரித்துவிடுவார்கள். குற்றவாளியாக நடிப்பவரும் நாளைக்கு வெளிநாடு கிளம்புகிறார். வேண்டாம், விட்டுவிடலாம் என்றுதான் டைரக்டர் சொன்னாராம். வெள்ளிக்கிழமை ஒளிபரப்பு என்றால் வெள்ளிக்கிழமைதான் என்று சேனலில் சொல்லிவிட்டார்களாம்.

அவர் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து கொடுத்தார். மேனேஜர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். நோட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடி நேராகப் பிடித்தார்.

"இதுல எது எழுத்து சார்?"

படப்பிடிப்பு ஓடுகிற வேகத்துக்கு அவள் கோழி கிளறின மாதிரிதான் எழுதுவாள். தினமும் சாயங்காலம் அதை அழகாக வேறு நோட்டில் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. மருந்துக்கடை கவுண்ட்டரில் முப்பது வருஷம் நின்று ஓய்வு பெற்றவர். "டாக்டர் கையெழுத்தையே படிச்சவருக்கு நான் எழுதுறதா பெரிசு?" என்று அவள் அந்த வேலையை அவர் தலையில் கட்டிவிட்டாள். திங்கட்கிழமை மட்டும், "இன்னைக்கு வேண்டாங்க, தலை வலிக்குது," என்று நோட்டை மூடிவிட்டாள். அதனால் அந்த நாளுக்கு அழகுப் பிரதி இல்லை.

அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த மச்சான், இறந்தவளின் அண்ணன், எழுந்தே நின்றுவிட்டார். "மாப்பிள்ளை, எங்கே கிளம்பிட்டீங்க? இன்னும் அவளை வீட்டுக்குக்கூடக் கொண்டு வரல. நாலு பேர் என்ன பேசுவாங்க?"

அவர் வாயில் வந்தது, "அவ எழுதினது, மச்சான்," என்பது மட்டும்தான்.

"அதுக்கு?"

கொழுந்தியாள்தான் குறுக்கே வந்தாள். "விடுங்கண்ணா. இங்கே இருந்தா வர்றவங்க எல்லாருக்கும் டீ குடிச்ச கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிட்டிருப்பார். அங்கே போனாலாவது வேற ஏதாவது பேசுவார்." பிறகு அவரிடம், "மூணு மணிக்கெல்லாம் வந்துருங்க அத்தான்," என்றாள்.

ஒன்பது வருஷத்தில் அவர் அந்த இடத்துக்குப் போனதே இல்லை. கூப்பிட்டுப் போயேன் என்று கேட்டால், நீங்க வந்து நின்னா நான் எதைப் பார்க்கிறது என்பாள். போய் இறங்கினால், வெளியே பார்க்கக் கிடங்கு மாதிரி இருந்தது. உள்ளே தடித்த ஒயர்களைத் தாண்டித் தாண்டி நடக்கவேண்டியிருந்தது. நடுவில் மூன்றே சுவர் உள்ள ஓர் அறை. நாலாவது சுவர் இருக்கவேண்டிய இடத்தில் கேமரா. சுவரின் பின்பக்கம் வெறும் பலகையும் ஆணியும்.

ஆனால் அறைக்குள் கால் வைத்ததும் அவர் நின்றார். எல்லாம் தெரிந்த சாமான். மேசையின் முன்மூலையில் பெயர்ந்திருந்த பிளவு அவர் கையால் எழுதியது. விளக்கின் ஒயரில் இருந்த முடிச்சு, காலண்டரில் கிழியாமல் தொங்கிய ஒரு தாள், மேசையின் இரண்டு பக்கமும் விலங்கு மாட்ட அடித்திருந்த இரும்பு வளையங்கள், அதில் ஒன்று மட்டும் லேசாக வளைந்தது. எத்தனை சாயங்காலம் அவள் நோட்டைப் பார்த்துப் பார்த்து இதையெல்லாம் எழுதியிருப்பார். பார்க்காத அறைக்குள் அவருக்கு ஒரு சாமானும் புதிதாக இல்லை.

டைரக்டர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு நாற்காலியைக் காட்டினார். கேமராவுக்குப் பக்கத்தில் இருந்தது. யாருடைய நாற்காலி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, உயரம் குறைந்தவளுக்காகக் காலை அறுத்துக் குட்டையாக்கி இருந்தார்கள். முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"பதினாலாவது ஷாட் வரைக்கும் எடுத்திருக்கோம் சார். அது எப்படி முடிஞ்சுதுன்னு சொல்லுங்க, அதுல இருந்து தொடரணும்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இன்ஸ்பெக்டரின் சட்டைக் கை இரண்டு மடிப்பு. தொப்பி மேசை மேல், சின்னம் சுவரைப் பார்த்து. தம்ளரில் விரல்கடை அளவு தண்ணீர். அவர் சொல்லச் சொல்ல யார் யாரோ வந்து அதை அதை அப்படியே செய்தார்கள். தண்ணீர் ஊற்றியவர் விரலை வைத்து அளந்துவிட்டு, சரியா என்று அவரைப் பார்த்தார். கடை கவுண்ட்டரில்கூட அவர் சொல்லுக்கு இந்த மரியாதை இருந்ததில்லை.

"விலங்கு, இடது கையில."

குற்றவாளியாக நடிப்பவர் தயங்கினார். "எனக்கு வலதுன்னு ஞாபகம்."

"உங்க ஞாபகத்துக்கா சம்பளம் குடுக்கிறோம்?" என்றார் மேனேஜர். "அக்கா எழுதியிருந்தா அதுதான்."

அந்த நடிகரே சிரித்துவிட்டு இடது கையை நீட்டினார். குற்றவாளி முன்னால் ஒரு தாளும் பேனாவும் வைத்துப் பதினைந்தாவது ஷாட்டும் பதினாறாவது ஷாட்டும் எடுத்து முடிய மத்தியானம் இரண்டு மணி ஆனது. இன்ஸ்பெக்டராக நடிப்பவர் இடைவேளையில் அவரிடம் வந்து குந்தி உட்கார்ந்து, முதல் வருஷத்தில் தனக்கு நடிப்பு வராமல் வியர்த்த கதையைச் சொன்னார். வியர்வைத் துளி எந்தப் பக்கம் வழிந்தது என்றுகூட அக்கா எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த ஷாட்டுக்குப் பஞ்சைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து நின்றாராம். "என்னை இவ்வளவு கவனமா எங்கம்மாகூடப் பார்த்ததில்ல சார்."

அப்போதுதான் மேனேஜரின் போனுக்கு எடிட்டரிடமிருந்து ஒரு படம் வந்தது. திங்கட்கிழமை எடுத்ததன் கடைசி நொடி. மேனேஜர் பார்த்தார். டைரக்டரிடம் காட்டினார். டைரக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு போனை அவரிடம் கொடுத்தார்.

தம்ளர் சரி. தொப்பி சரி. விலங்கு வலது கையில் இருந்தது.

அவர் நோட்டைப் பின்னால் புரட்டினார். பதினோராவது ஷாட், வலது. பன்னிரண்டு, வலது. அதன் கீழே ஒரு கோடு, 'மூன்று மணி, டீ' என்று குறிப்பு. பதின்மூன்று, இடது. பதினாலு, இடது. கோட்டுக்குக் கீழே வரிகள் லேசாக இறங்கியிருந்தன. காலையிலிருந்து கையிலேயே வைத்திருந்தும் அவர் அதைக் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் வந்தவள் விளக்குப் போடக் கதவின் வலப்பக்கச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷமாக ஸ்விட்ச் இடப்பக்கம்தான். "சொந்த வீட்டுக்கே விருந்தாளியா?" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். தலைவலிக்கு மாத்திரை கொடுத்ததும் அவர்தான், முப்பது வருஷம் மருந்துக்கடையில் நின்றவர்.

"மூணு மணிக்கே ஆரம்பிச்சிருக்கு," என்றார்.

என்ன ஆரம்பித்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்பார்களோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. சுற்றி அத்தனை பேர் நின்றார்கள். ஒன்பது வருஷத்துக்குத் தப்பே இல்லாமல் எழுதினவள், கடைசிப் பக்கத்தில்... அவர் நோட்டை மூடினார்.

"நான்தான் தப்பாப் படிச்சிட்டேன். அவ சரியாத்தான் எழுதியிருக்கா. கண்ணாடி பழசு. மன்னிச்சுக்கங்க."

டைரக்டர் கையை நீட்டினார். கொடுக்காமல் இருக்க முடியவில்லை. டைரக்டர் அந்தப் பக்கத்தை எடுத்து விரலை வைத்தார். எழுத்து புரியாவிட்டாலும் இடதுக்கு ஒரு கொக்கி, வலதுக்கு ஒரு கொக்கி, அந்தக் குறி அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"நீங்க சரியாத்தான் சார் படிச்சிருக்கீங்க."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டையும் மறுபடி எடுத்துவிடலாம், ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், சாரை வேண்டுமானால் இப்போதே வண்டியில் அனுப்பிவிடலாம் என்றார். டைரக்டர் காதில் வாங்கவில்லை. செட்டுக்குள் போய், மேசையைச் சுற்றி நடந்து, இரண்டு வளையங்களையும் மாறி மாறித் தட்டிப் பார்த்தார்.

"அக்கா தப்பா எழுதல," என்றார், யாரையும் பார்க்காமல். "ரெண்டு ஷாட் முன்கூட்டியே எழுதிட்டாங்க. அவ்வளவுதான்."

பிறகு இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். பதினாலுக்கும் பதினைந்துக்கும் நடுவில் ஒரு ஷாட் என்றார். வசனம் கிடையாது. குற்றவாளி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறான். இன்ஸ்பெக்டர் திட்டவில்லை, மிரட்டவில்லை. சாவியை எடுத்து, அவனுடைய வலது கையை அவிழ்த்து, மேசையைச் சுற்றி வந்து இடது கையில் விலங்கை மாட்டுகிறார். ஒரு வெள்ளைத் தாளை அவன் முன்னால் தள்ளிவிட்டு, பேனாவை மேலே வைக்கிறார். எழுதச் சொல்லி அவன் வலது கை காலியாகக் கிடக்கிறது.

"இதை நாம திங்கக்கிழமையே எடுத்திருக்கணும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் தெரியல," என்றார் டைரக்டர்.

ஒரே தடவையில் எடுத்தார்கள். விலங்கு திறக்கிற சத்தம், இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் நாலு அடி, மறுபடி விலங்கு மூடுகிற சத்தம். குற்றவாளி அவிழ்ந்த மணிக்கட்டைப் பார்த்தார். பேனாவைத் தொட்டார், எடுக்கவில்லை. அந்த அறையின் மூன்று சுவரும் பலகை என்பது கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு மறந்துபோனது.

"கட்."

அவர் எழுந்திருக்க நாற்காலியின் கையைப் பிடித்தார். வண்டி வெளியே நிற்கும், மகள் இறங்குகிற நேரம். ஆனால் யாரும் கலையவில்லை. இன்ஸ்பெக்டர் மேசைமேல் ஊன்றிய கையை எடுக்கவில்லை. விளக்குப் பிடித்தவர் பிடித்தபடியே நின்றார். ஒயரைச் சுருட்டக் குனிந்தவர்கூடப் பாதியில் நின்றிருந்தார். ஏதோ கோளாறு என்று நினைத்து அவர் டைரக்டரைப் பார்த்தார்.

குற்றவாளியாக நடித்தவர்தான் தலையைத் திருப்பாமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார். "அக்கா குறிச்சுட்டுப் பேனாவை மூடுற வரைக்கும் நாங்க யாரும் அசைய மாட்டோம் சார். எழுதிக்குங்க."

அவர் மறுபடி உட்கார்ந்தார். நோட்டைப் பிரித்து, அவள் எழுதி நிறுத்திய வரிக்குக் கீழே பேனாவை வைத்தார். விலங்கு இடது கை. வலது கை காலி, விரல்நுனி பேனாமேல். தாள் மேசை விளிம்பிலிருந்து நாலு விரல் தள்ளி. தொப்பியின் சின்னம் சுவரைப் பார்த்து. கோழி கிளறாமல், அழகாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். தண்ணீர் விரல்கடை அளவு. இன்ஸ்பெக்டரின் சட்டைக் கை இரண்டு மடிப்பு.

அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. அறுபது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்து நின்றார்கள். அவர் பேனாவை மூடவில்லை.